தாம்பூலப் பையில் தடை மிட்டாய்!

செல்போன் அலறியது.

சீதாராமன் எடுத்தார். துபாயின் பர் துபாய் பகுதியில் ஒரு கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். அதாவது, எதையெல்லாம் செய்யக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். லீவு நாளில் அதையே இலவசமாகச் செய்வார்.

"அத்திம்பேர், நான் ராஜீவ். ஏர்போர்ட் வந்துட்டேன்."

ராஜீவ், அவர் மனைவி ஷியாமளாவின் தம்பி. அமெரிக்காவாசி. அக்கா வீட்டு நவராத்திரி கொலுவுக்கு வந்து தங்கிவிட்டு, சென்னைக்குப் போகிறான்.

"சொல்லுடா."

"ஒண்ணுமில்ல... உங்காத்து ஃப்ரிட்ஜ்ல ஒரு பச்சை டப்பாவை மறந்துட்டேன். ஜெல்லி மிட்டாய். யாரும் சாப்பிட வேண்டாம்."

"ஏன், கெட்டுப் போயிடுத்தா?"

"இல்ல... அது ஹெம்ப்லேர்ந்து பண்ணினது."

"ஹெம்ப்னா?"

ராஜீவ் குரலைத் தணித்தான்.

"கஞ்சாவுக்கு... ஒண்ணு விட்ட தம்பி மாதிரி. கொஞ்சம் தூக்கும்."

சீதாராமனுக்கு வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது!

"அடப்பாவி! இந்த ஊருக்குள்ளயா கொண்டு வந்தே?"

"எங்க ஸ்டேட்ல லீகல், அத்திம்பேர்! பெட்ரோல் பங்க்ல சூயிங்கம் பக்கத்துல வெச்சு விக்கறான்."

"உன் ஸ்டேட் சட்டம் உன் ஸ்டேட் வாசல்லயே செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நின்னுடும்டா! இங்க அது போதைப் பொருள்! ஜெயில்! வேலை போயிடும்... விசா போயிடும்..."

"அதான் சொல்றேன். டாய்லெட்ல கொட்டி ஃப்ளஷ் பண்ணிடுங்கோ. செக்-இன் க்யூ நகர்றது. பை!"

சீதாராமன் ஃப்ரிட்ஜுக்கு ஓடினார்.

தோசை மாவு. கறிவேப்பிலை. நேற்றைய சுண்டல்.

டப்பா இல்லை!

அவர் பார்வை ஹாலில் இருந்த கொலுப்படி மேல் விழுந்தது.

நேற்று மாலை கொலு பார்க்க பில்டிங் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தாம்பூலப் பை. வெற்றிலை பாக்கு, ஜாக்கெட் துணி, தேங்காய்... கூடவே மிட்டாய்! வெளிநாட்டிலிருந்து யார் எந்த மிட்டாய் கொண்டு வந்தாலும் அது போய்ச் சேருகிற இடம் தாம்பூலப் பைதான். ஷியாமளாவின் சட்டம் அது.

ஷியாமளாவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. பக்கத்து ஏரியா கராமாவில் யார் வீட்டுக் கொலுவிலோ பாடிக்கொண்டிருந்தாள். பாட ஆரம்பித்தால், யாராவது நிறுத்தச் சொல்லும் வரை போனை எடுக்க மாட்டாள்.

சீதாராமன் எதிர் ஃப்ளாட் வாசலில் நின்றார். விரல் காலிங் பெல் வரை போய்... திரும்பி வந்தது.

அது ஜோதிமணி வீடு. போன வருஷம் ஜோதிமணி ஊரிலிருந்து குருமாவுக்குக் கொஞ்சம் கசகசா கொண்டுவந்தாள். வளைகுடாவில் கசகசாவுக்குத் தடை. சீதாராமன் அதை பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். 'படித்தவர்களே இப்படிச் செய்யலாமா?' என்று தலைப்பு வேறு!

அழுத்தினார்.

கதவு திறந்தது. ஜோதிமணிக்குப் பின்னால், சோபாவில் ஓர் உடல்!

அவள் கணவன் சதீஷ்குமார். வாய் திறந்திருந்தது. ஒரு கை தரையில் தொங்கியது. அசைவில்லை!

"ஐயோ! எப்போலேர்ந்து இப்படி?"

"நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்தவருங்க. ஏனுங்க, என்னாச்சு?"

"நேத்து தாம்பூலப் பையில... மிட்டாய்... இருந்ததே..."

"ஆமாங்க. அத்தனையும் இவருதான் தின்னாரு."

"அதைத் திருப்பி வாங்கிண்டு போக வந்தேன்."

ஜோதிமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாம்பூலம் குடுத்துட்டு மறுநாளு திருப்பிக் கேக்கறீங்களா? எங்க ஊர்ல கடன்காரன்கூட இதைக் கேக்க மாட்டானுங்க! இருங்க, ஜாக்கெட் துணியையும் எடுத்தாறேன்!"

"ஐயோ, அது வேண்டாம்மா! அந்த மிட்டாய்ல... போதை இருக்கு."

சொல்லிவிட்டார். தலை தானாகக் குனிந்தது. தரை டைல்ஸ் தவிர உலகத்தில் பார்க்கத் தகுந்த பொருள் எதுவும் அவருக்கு மிச்சமில்லை. எந்த மிட்டாய் என்று விளக்கவும் நாக்கு எழவில்லை.

சோபாவிலிருந்த உடல் எழுந்து உட்கார்ந்தது!

"போதையா? அதானே பார்த்தேன்! ஏசி எங்கூடப் பேசுச்சு, ஜோதி!"

"என்ன பேசுச்சு?"

"கன்னடத்துல என்னமோ சொல்லுச்சு!" சதீஷ்குமார் சோபாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். "பறக்கறேன்... பிடிச்சுக்கோ!"

ஜோதிமணி சீதாராமன் பக்கம் திரும்பினாள். குரல் தணிந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏனுங்க சார், கசகசாவுக்கு என்னைய குரூப்புல ஏத்துனீங்களே... இது குழந்தைங்க இருக்கற பில்டிங்குங்க. இதை எந்தக் குரூப்புல போடறதா உத்தேசம்?"

சீதாராமன் போனை எடுத்தார். 'கெட்டுப்போன மிட்டாய்' என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. கெட்டுப்போனது என்றால் பாதிப் பேர் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவார்கள். விழுங்கினார். வாய்ஸ் நோட்டை அழுத்தினார்.

"எல்லாருக்கும் வணக்கம். சீதாராமன் பேசறேன். எங்காத்துத் தாம்பூலப் பை மிட்டாயை யாரும் சாப்பிடாதீங்கோ. குழந்தைகளுக்குக் குடுக்காதீங்கோ. அதுல போதை இருக்கு. என் தப்பு. ஜோதிமணிகிட்ட... கசகசா விஷயத்துக்கும் சேர்த்து... மன்னிப்பு."

அனுப்பினார்.

குரூப் கொதித்தது! மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரை மஹ்மூது முதல் ஆளாகப் பதில் போட்டார்.

'சார், எங்க வீட்டம்மா நஸீரா ரெண்டு தின்னுட்டா. அழுகுறா. டாக்டர்ட்ட காட்டவா? உங்க பேரை எங்கயும் சொல்ல மாட்டோம், பயப்படாதீங்க.'

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த நல்ல மனசு அவரைச் சுவரோடு சாய்த்தது.

லிஃப்ட் திறந்தது. பட்டுப்புடவையில் ஷியாமளா புயலாக வந்தாள்!

"என்ன பண்ணி வெச்சிருக்கேள்? கொலுவுல அத்தனை பேர் முன்னாடி உங்க வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டறா! எங்காத்துத் தாம்பூலத்துல போதையா?"

"உன் தம்பி டப்பாடி! அந்த ஜெல்லி மிட்டாய்..."

"அதை யார் பையில போட்டா? நான் போட்டது கடலை மிட்டாய்!"

சீதாராமன் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"க... கடலையா?"

"டப்பா லேபிளைப் படிச்சேன். ஜெலட்டின்னு போட்டிருந்தது. எலும்புலேர்ந்து பண்றது அது! சுமங்கலிகளுக்கு எலும்பு மிட்டாய் குடுப்பேனா?"

உள்ளே சதீஷ்குமார் மெதுவாகத் தரையிறங்கினான். ஜோதிமணி அவனைப் பார்த்த பார்வையில் ஏசியே வாயை மூடிக்கொண்டது.

சீதாராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெயில் இல்லை! நஸீரா பிழைத்தாள்! மானம் மட்டும்தான் போயிற்று. சின்ன விஷயம்.

"அப்போ டப்பாவைக் குப்பைல போட்டுட்டியா?"

"டாலர் குடுத்து வாங்கினதை யாராவது குப்பைல போடுவாளா? அசைவத்தை ஆத்துல வெச்சுக்கவும் முடியாது." ஷியாமளா கதவைத் திறந்தபடியே சொன்னாள். "அதான், ராஜீவ் பெட்டியிலயே வெச்சுட்டேன். வேஷ்டிக்கு நடுவுல, நன்னா சுத்தி..."

செல்போன் அலறியது!

"அத்திம்பேர்!" ராஜீவின் குரலில் உற்சாகம். "இங்க ஒரே தமாஷ்! செக்-இன் பக்கத்துல ஒரு போலீஸ் நாய், என் பெட்டியைக் கட்டிண்டு நகர மாட்டேங்கறது. போலீஸ்காரர் திறந்து காட்டுங்கறார். தாராளமா பார்த்துக்கோங்கோன்னுட்டேன். எனக்கென்ன பயம், மடியில கனமா இருக்கு? இதோ, ஜிப்பை இழுக்கறேன்..."

சீதாராமன் வாயைத் திறந்தார்...

பெட்டி முந்திக்கொண்டது.