மூச்சு விடும்வரை

"யாரு தினமும் காலை மடக்கி விடுறது? நல்ல கை," என்று ஒபுரா கேட்டதும், "என் முதுகைப் பிடிச்சுவிடவே ஆளில்ல தம்பி. இவன் காலை நான் எங்க தொட்டேன்?" என்று அக்கா சிரித்ததும் கிருண்டாவின் காதில் இன்னும் இருந்தன. பயிற்சி கொடுக்க எப்போதாவது வரும் ஒபுரா, காலையில் கிருண்டாவின் முழங்கால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டான். மாதக்கணக்கில் யாரும் தொடாத கால்கள் விறைத்துப் போயிருக்க வேண்டும். இளகிக் கிடந்தன.

கரும்பு லாரியிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிந்ததிலிருந்து கிருண்டாவுக்குத் தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சாயங்காலம் தவறாமல் அந்தக் கால்களை மடக்கி நீட்டியவள் அவன் மனைவி நைகாகா. இப்போது அவள் வீட்டுக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே மண்ணுக்குள் இருக்கிறாள். அடக்கத்தன்று நல்ல மழை. சக்கர நாற்காலி வாசலிலேயே சேற்றில் புதைந்துவிட்டது. அவளைப் புதைத்த இடத்தை அவன் இதுவரை பார்க்கவில்லை. அங்கே கூட்டிப்போகச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்து, அக்காவின் முதுகுவலியை நினைத்து விழுங்கியிருக்கிறான்.

இன்றும் பொழுது சாய மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையின் இரைச்சல், சமையல்கட்டில் வேகும் சர்க்கரைவள்ளியின் இனிப்பு வாசனை, அதற்கடியில் ஈரமண்ணின் வாடை, யாரோ அதை உள்ளே கொண்டுவந்ததைப் போல. அரையிருட்டில் போர்வையைப் பார்த்தான். வலது முழங்கால் மெல்ல உயர்ந்து, நின்று, தாழ்ந்தது.

"அக்கா?"

"இருடா. கடலை அரைச்சிட்டிருக்கேன்," என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது.

தசை இழுப்பாக இருக்கலாம். இப்படிப்பட்ட கால்கள் தாமாகவே துள்ளும். ஆனால் துள்ளும் கால் மேலே போய் நின்று, அவன் மூச்சு விடும்வரை காத்திருக்காது. நைகாகாதான் காத்திருப்பாள்.

இடது முழங்கால். உயர்ந்தது. நின்றது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். கால் இறங்கவில்லை.

மூச்சு விட்டான்.

இறங்கியது.

போர்வையை இழுத்தான். கணுக்கால்களில் செம்மண். விரல் விரலாகப் பதிந்த தடம். பாதங்கள் இரண்டும் கட்டில் விளிம்பைத் தாண்டின. தரையைத் தொட்டன. பிறகு அவனால் உணர முடிந்த இடத்தில், தோள்களுக்கடியில், ஈரமான கைகள் நுழைந்தன. சில்லென்று.

கூப்பிட்டால் அக்கா வந்துவிடுவாள். அவன் வாயைத் திறந்தான்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போ, நைகாகா."