நாற்பத்தோராவது இணைப்பு

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மதியம், நாற்பது மேசை போன்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள். நான்கு மாடி. வெளிச்சுவரெல்லாம் மழைநீர் வழிந்து வழிந்து கறுத்த கோடுகள். திங்கட்கிழமை காலை ஒரு காப்பீட்டு நிறுவனம் அங்கே குடிவருகிறது. அதற்குள் ஒவ்வொரு மேசையிலும் போன் பேசியாக வேண்டும்.

"நாலு வருஷமா பூட்டிக் கெடந்த எடம்மா," என்றபடி காவலாளி சாவிக்கொத்தை நீட்டினார். "மொதல்ல வரேன்னு சொன்ன கம்பெனி வரவேயில்ல. கீழ்த்தளத்துல வெளிச்சம் பத்தாது, பாத்து எறங்குங்க. செல்போன் வேற அங்க எடுக்காது."

"அதுக்குத்தானே நான் வந்திருக்கேன்," என்று சிரித்தாள்.

இப்போது அவளும் கணவனும் மட்டும் நடத்தும் நிறுவனம் அது. ஒரு காலத்தில் மூன்று பேர். கேபிள் இழுப்பது அண்ணன், இணைப்புகளை அமைப்பது அவள், ஆட்களிடம் பேசி வேலை பிடிப்பது அவள் கணவன். அண்ணன் நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாள் காணாமல் போனான். அவன் செல்போனிலிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "எனக்கு உங்க யார் மூஞ்சியிலயும் முழிக்கப் பிடிக்கல. தேடாதீங்க."

அன்று அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. அழுது ஓய்ந்தபின் கோபம்தான் மிஞ்சியது. கூடப் பிறந்தவனே கழுத்தறுத்துவிட்டானே என்ற கோபம். குழந்தை பிறந்தபோதும் அவன் வரவில்லை. சுவரில் இருந்த அவன் படத்தை அவளே கழற்றிக் குப்பையில் போட்டாள். "அவன் கொணம் அப்படி, விடு," என்று கணவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அந்தக் கைக்காகவே அவள் எழுந்து நடமாடினாள்.

கணவன் இந்த வாரம் வெளியூரில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தான். காப்பீட்டு நிறுவன மேலாளர் நேராக அவளையே கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார். திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷப்படுவார் என்று அவள் சொல்லாமல் வந்திருந்தாள்.

கீழ்த்தளத்தில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. படிகள் முடிகிற இடத்தில் ஓர் இரும்பு அலமாரி, அதன் பக்கத்தில் ஒரு மேசை. அலமாரிக்குள் கட்டடத்தின் எல்லாக் கேபிள்களும் வந்து இறங்கியிருந்தன. எல்லா போன்களும் வந்து சேருகிற புது சுவிட்ச் பெட்டியை மாட்டிவிட்டு, பழைய கேபிள்களை ஒவ்வொன்றாகச் செருகத் தொடங்கினாள். கை தானாக வேலை செய்தது. ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் வெள்ளை ஒட்டுத்தாளில் எண் எழுதியிருந்தது.

பதினேழாம் எண்ணில் அவள் கை நின்றது.

ஏழின் நடுவில் ஒரு குறுக்குக்கோடு. ஒன்றின் அடியில் ஒரு சின்னப் புள்ளி. அந்தக் கையெழுத்தை அவள் பள்ளிக்கூடத்து நோட்டுகளிலிருந்தே அறிவாள்.

அண்ணன் இங்கே வேலை செய்திருக்கிறான். எப்போது? இந்தக் கட்டடத்தைப் பற்றி வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லையே? "ஓடிப்போனவனுக்கு எழுத்து மட்டும் குண்டு குண்டா," என்று வாய்விட்டுத் திட்டிவிட்டு மீதிக் கேபிள்களைச் செருகினாள்.

மேலே போய் மேசைக்கு மேசை போன்களை வைத்தாள். இந்த வகை போனுக்குத் தனி மின்கம்பி வேண்டாம். ஒரே கேபிளில் மின்சாரமும் வரும், பேச்சும் வரும். செருகியவுடன் திரை நீலமாக விழித்துக்கொள்ளும், தனக்கென்று ஒரு முகவரி வாங்கிக்கொள்ளும், அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சர்வரில் பெயரைப் பதிந்துகொள்ளும். நூற்றொன்று முதல் நூற்று நாற்பது வரை உள் எண்கள். கடைசி போனைக் கீழ்த்தளத்து மேசையில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பட்டியலில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக மின்னின.

நாற்பத்தொன்று.

மறுபடி எண்ணினாள். அட்டைப்பெட்டிகளை எண்ணினாள். நாற்பது. பட்டியலின் அடியில் எண் இல்லாத ஒரு வரி இருந்தது. பெயர் மட்டும்: "சோதனை."

வேலை நடக்கும் இடத்தில் அவர்கள் எப்போதும் ஒரு சோதனை போனை மாட்டுவார்கள். கைதவறி வெளியே யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று, அது ஒரே ஓர் எண்ணை மட்டும் அழைக்கும்படி பூட்டியிருப்பார்கள். ஆனால் இன்று அவள் அப்படி எதையும் மாட்டவில்லை.

சுவிட்சில் இருபத்துநான்காம் துளையில் விளக்கு துடித்தது. அந்தக் கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தாள். அது கூரையோரமாக ஓடி, நடைவழியின் கோடியில் ஒரு சுவருக்குள் விரல் பருமன் ஓட்டையில் நுழைந்தது. அந்தச் சுவர் மட்டும் மற்றதைவிட வெளுப்பு. விரல் முட்டியால் தட்டினாள்.

உள்ளே வெற்றிடம்.

வெளியே மழைச் சத்தம் நின்றுபோனதுபோல் இருந்தது. காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. அவள் மூச்சு மட்டும்தான்.

அது தன் மூச்சுதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. மூச்சை அடக்கினாள்.

அது அடங்கவில்லை.

மேசைக்கு எப்படித் திரும்பி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஓடியிருக்க வேண்டும். ஆனால் கை பழக்கத்தில் லேப்டாப்பைத்தான் தேடியது. ஒவ்வொரு போனுக்கும் உள்ளே ஒரு பக்கம் உண்டு. முகவரியை அடித்தால் திறக்கும். அடித்தாள். திறந்தது. அழைத்த எண்களின் பட்டியல்.

அறுபத்து மூன்று அழைப்புகள். தேதி, நான்கு வருடங்களுக்கு முன். அவளுக்கு அந்தச் செய்தி வந்ததற்கு முந்தைய நாள் தொடங்கி நான்கு நாட்கள். முதல் அழைப்பு மட்டும் நான்கு நிமிடம் பேசப்பட்டிருந்தது. மீதி அறுபத்திரண்டும் எடுக்கப்படவில்லை. முதல் நாள் பத்து நிமிடத்துக்கு ஒன்று. பிறகு மணிக்கு ஒன்று. கடைசி நாள் இரண்டே இரண்டு.

எல்லாம் ஒரே எண்ணுக்கு.

அந்த எண்ணை அவள் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அவள் கணவனுடையது.

பக்கத்திலிருந்த போன் அடித்தது.

திரையில் "சோதனை."

எடுத்தாள். வறண்ட, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. அதற்குள்ளிருந்து ஒரு குரல், உதடு ஒட்டிப் பிரிகிற சத்தத்தோடு.

"வாலு..."

அவளை அப்படிக் கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

"அண்ணா?"

"அவன் எடுக்கவே மாட்டேங்கறான். நீ போட்டுக் குடு."

கத்தவேண்டும் என்று தோன்றவில்லை. அழைப்பைப் பிடித்து வைத்துவிட்டு, இன்னோர் இணைப்பில் கணவனின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க சார்."

"நான்தாங்க."

"நீயா? என்ன புது நம்பரா இருக்கு? எங்கருந்து பேசற?"

எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று சொன்னாள். பின்னால் கண்காட்சிக் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"யாரக் கேட்டு அந்த வேலைய எடுத்த?" அவன் குரல் மாறியிருந்தது. "போட்டது போட்டபடி கெடக்கட்டும். வெளிய வா. இப்பவே வா."

"அண்ணன் எங்கங்க?"

"என்ன கேள்வி இது? அவன்தான் நம்மள வேண்டாம்னு ஓடிட்டானே..."

மூன்று பேரையும் ஒன்றாக இணைக்கிற பொத்தானை அவள் அழுத்தினாள்.

"மாப்ள."

அந்த வறண்ட குரல் இப்போது கணவனின் காதுக்கும் போனது.

"மாப்ள, கதவத் தொற. தண்ணி மட்டும் வச்சிட்டுப் போயிடு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

மறுமுனையில் ஏதோ விழுந்து உடைந்தது. பிறகு அவள் ஒருநாளும் கேட்டிராத ஒரு சத்தம் அவள் கணவனிடமிருந்து வந்தது. அடிபட்ட நாயின் சத்தம்.

"நீ செத்துட்ட! அஞ்சாம் நாள் வந்து நானே பாத்தேன்... மச்சான், நீ செத்துட்ட..."

"எதுக்கு?" என்றாள் அவள். யாரையும் பார்க்காமல், எதிரே இருந்த சுவரிடம் கேட்பதுபோல் கேட்டாள். "எதுக்குங்க?"

"ஆபீஸ்ங்கள்ல பேசறதெல்லாம் நான் ஒட்டுக்கேட்டுப் பதிவு பண்ணி வெளிய குடுத்துட்டிருந்தேன். அத கண்டுபிடிச்சிட்டான். உன்கிட்ட சொல்லிடுவேன்னான். கேபிள் ரூம்ல நின்னு வேலை பாத்துட்டிருந்தான், வெளியிலருந்து தாழ் போட்டுட்டேன். ஒரு ராத்திரி கெடந்தா வழிக்கு வருவான்னுதான்... போன்ல பேசினேன். சொல்லத்தான் செய்வேன்னு ஒத்தக் கால்ல நின்னான். அப்பறம்... அப்பறம் தொறக்கவே பயமாப் போச்சு. தொறந்தா நேரா போலீசுக்குத்தானே போவான்?"

"அறுபத்திரண்டு தடவ அடிச்சிருக்கான்."

அவன் விசும்புவது கேட்டது.

"அந்த மெசேஜ யாருங்க அனுப்பினது?"

"நான்தான். அவன் செல்போன் வெளிய மேசையில கெடந்துச்சு."

"உள்ள அவன் உயிரோட இருந்திருக்கான். அதே நேரத்துல நான் அவனத் திட்டித் திட்டி அழுதேன். நீங்க என் தலையத் தடவிக்குடுத்தீங்க."

இணைப்பு அறுந்தது. கணவன்தான் வைத்துவிட்டான். திரையில் இப்போது இருவர். அவளும், சுவருக்குப் பின்னால் இருப்பவனும்.

"வாலு," என்றது குரல், மிகவும் களைத்துப்போய். "கொழந்த பொறந்திடுச்சா?"

அவள் ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பொண்ணுண்ணா," என்று சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அன்று மாலைக்குள் போலீஸ்காரர்கள் சுவரை இடித்தார்கள். ஒற்றைச் செங்கல் வரிசை. அதன் பின்னால் வெளித்தாழ்ப்பாள் போட்ட இரும்புக் கதவு. உள்ளே இரண்டு அலமாரி வைக்கிற அளவுக்குத்தான் இடம். அண்ணன் கதவில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். உடுப்பும் எலும்பும்தான் மிச்சம். மடியில் அந்த போன். கதவின் உட்பக்கம், கைக்கு எட்டிய உயரம்வரை, பெயிண்ட் சுரண்டப்பட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கையுறையோடு கேபிளைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா, இதுலருந்து போன் வந்துச்சுன்னு சொல்றீங்க. இதப் பாருங்க."

போனிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கேபிள் கத்தியால் வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாயில் நான்கு வருடத்துத் தூசி. சுவர் எழுப்பிய அன்று தானே வெட்டியதாகக் கணவன் பிறகு வாக்குமூலத்தில் சொன்னான்.

அவனைச் சிக்கவைத்தது அந்த அழைப்புதான். புது சர்வர் எல்லாப் பேச்சையும் பதிவு செய்துகொள்ளும்படி அவள் அமைத்திருந்தாள். விசாரணையில் அதைப் போட்டுக் கேட்டார்கள். அவள் குரல் இருந்தது, கணவன் குரல் இருந்தது. நடுநடுவே வெறும் மௌனம். அந்த மௌனத்தைப் பார்த்து ஒரு மனிதன் "நீ செத்துட்ட" என்று கதறுகிறான். கேட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் பாதியில் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அவளுக்கு அது போதவில்லை. அந்த மௌனங்களைத் தனியே வெட்டி எடுத்து, இரவும் பகலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். மூச்சுகூட இல்லை. கட்டியவனும் ஏமாற்றினான், எந்திரமும் ஏமாற்றியது. உயிரோடு இருந்தவரை நம்பாமல் போனதற்கு அண்ணன் இப்படித்தான் பழிதீர்க்கிறான் போலும் என்றுகூட ஒருநாள் நினைத்து, நினைத்ததற்காகச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துக் காப்பீட்டு நிறுவனம் அங்கே குடிவந்தது. அவள் ஒருநாள் போய், பழைய கேபிள்களை வேரோடு பிடுங்கிப் புதுசு போட்டுவிட்டு, பட்டியலில் நாற்பதே நாற்பது என்று நாலு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள். கேபிள் அறையின் கதவையே கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம், குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அந்த அலுவலகத்தின் வரவேற்பாளர் பெண் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல மேடம். நன்றி சொல்லத்தான் பண்ணேன். உங்க கம்பெனி ஆளு தங்கமான மனுஷன். எங்க போன்ல சின்னக் கோளாறுன்னாலும் பூஜ்யத்த அழுத்தினா ஒடனே எடுத்துடறார். ஒரு மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துடறார்னா பாத்துக்கோங்க."

பூஜ்யத்துக்கு அவள் எந்த இணைப்பும் கொடுத்திருக்கவில்லை. நிறுவனத்தில் அவளைத் தவிர வேறு ஆளும் இல்லை. சீப்பு குழந்தையின் கூந்தலிலேயே நின்றது.

"என்ன பேசுவார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேலைய விட்டு வேற பேச்சே கெடையாது மேடம். வைக்கும்போது மட்டும் ஒண்ணு கேப்பார், அதுதான் கொஞ்சம் வேடிக்கையா இருக்கும்." அந்தப் பெண் சிரித்தாள். "பொண்ணு இப்ப பேச ஆரம்பிச்சிடுச்சான்னு கேப்பார்."