மூக்குக்கு வந்த வாழ்த்து

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முதல் நாள். தெஹ்ரான் முழுக்க மீன் வறுபடும் வாசனை. பதினொரு வயது தரானே சோபாவில் சுருண்டு, அம்மாவின் போனில் அக்கா குல்நாரின் படத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

போனில் வரும் பெண்கள் எல்லாருக்கும் சின்ன மூக்கு. குல்நாருக்கோ அப்பாவின் மூக்கு. நடுவில் ஒரு மேடு. தரானே திரையில் விரலை இழுத்தாள். மேடு காணாமல் போனது. அக்கா சந்தோஷப்படுவாள் என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.

உடனே ஷீராஸிலிருந்து சித்தி கூப்பிட்டாள்.

“குல்நார் கண்ணு, வாழ்த்துகள்டி! ஆபரேஷன் பண்ணிக்கிட்டியாமே, எங்கிட்ட மூச்சுகூட விடலையே! எந்த டாக்டர்? இப்பதான் முகத்துல ஒரு களையே வந்திருக்கு!”

“என்ன ஆபரேஷன் சித்தி?”

“மூக்குதான்டி! எங்கிட்டயே மறைக்கிறியே!”

குல்நார் படத்தைப் பார்த்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“அக்கா, மீன் ஆறுது” என்றாள் தரானே கதவருகில்.

“வேண்டாம். நாளைக்கு யார் வந்தாலும் நான் வெளிய வரமாட்டேன். அந்த மூக்கைத்தானே எல்லாரும் தேடுவாங்க?”

“உன்னை அழகாக்கத்தான்…”

“அப்போ இத்தனை நாள் உனக்கு நான் அசிங்கமா இருந்தேனா?”

தரானே மறுபடி போனை எடுத்தாள். கதவோரம் உட்கார்ந்து, பழைய படத்தைக் குழுவில் போட்டாள். கூடவே குரலும் பதிந்தாள்.

“சித்தி, அந்த டாக்டர் நான்தான். போன்லயே பண்ணிட்டேன். அக்காகிட்ட கேக்கவே இல்ல. இதுதான் எங்க அக்கா. சின்ன வயசுல இந்த மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் தூங்குவேன். எனக்கு இதுதான் வேணும்.”

கதவு கொஞ்சம் திறந்தது.

“டாக்டரம்மா, மீன் மிச்சம் இருக்கா?”

மறுநாள் விருந்தினர் வந்தார்கள். எல்லாரும் படத்துக்கு நின்றார்கள். அப்பா போனை உயர்த்தியபோது குல்நாரின் விரல் மெல்ல எழுந்து மூக்கு மேட்டைத் தொட்டது. நேற்றுவரை அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தரானே அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு படத்தை அக்காவிடம் நீட்டினாள். “போடட்டுமாக்கா?”

குல்நார் வெகுநேரம் பார்த்தாள்.

“போடு. உன் பல்லுல கீரை ஒட்டியிருக்கு. அதையும் அழிக்காம போடு.”