மூன்றாம் தட்டின் கடலைக் கருக்கள்

அக்காவும் தங்கையும் ஆராய்ச்சி செய்யும் திசு வளர்ப்பு ஆய்வகம். காலை எட்டரை. வளர்ப்பு அறைக் கதவைத் திறந்த தங்கை அப்படியே நின்றுவிட்டாள். மூன்றாம் தட்டு காலி.

காணாமல் போனவை நான்கு குப்பிகள். நோய் தாங்கும் ஒரே ஒரு நிலக்கடலைச் செடியின் திசுவிலிருந்து அவள் உருவாக்கிய, செடியாக வளரக்கூடிய கருக்கள் அவற்றில் இருந்தன. தாய்ச்செடி போன மாதமே பட்டுப்போயிருந்தது.

விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாதவர்.

"கடைசியா எப்படி இருந்துச்சு?"

"வளர்ச்சி ஊக்கி கலந்த ஜெல்லியிலதான் கரு உண்டாகும் மேடம். ஆனா அதுலயே விட்டா வேர் விடாது. அதான் போன வாரம் ஊக்கி இல்லாத ஜெல்லிக்கு மாத்தினேன்."

குப்பி கழுவும் பெரியவர் தானாகவே முன்னால் வந்தார். 

"கழுவ வச்சதோட சேர்த்து அதையும் வேகவச்சுக் கொட்டிட்டேன் போலம்மா. என் தப்புதான்."

"கொட்டும்போது உள்ளே என்ன இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

"பார்க்கல. ஆனா வேற யாரு தொடப்போறா?"

 அதே அறையில் கடலைக் கரு வளர்க்கும் அக்கா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் அவளுடைய தட்டருகே போனார்.

"இது?"

"என்னோடது மேடம். இவளுது மாதிரி இல்ல. இன்னும் ஊக்கியிலதான் இருக்கு."

இன்ஸ்பெக்டர் ஒரு குப்பியை விளக்குக்கு நேரே பிடித்தார். ஜெல்லிக்குள் வெள்ளை நூல் ஒன்று கீழே இறங்கியிருந்தது. 

"பெரியவரே, போய் டீ குடிங்க. நீங்க எதையும் கொட்டல."

அக்காவிடம் திரும்பினார்.

"இது வேர். ஊக்கியில இருந்தா வேர் விடாதுன்னு இப்பதான் உங்க தங்கச்சி சொன்னாங்க. அப்போ, இதுல லேபிள் மட்டும்தான் உங்களுது."

அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

"என்னோடது எல்லாமே கருகிப்போச்சு. நாளைக்கு ஆராய்ச்சியை மதிப்பிடக் கமிட்டி வருது. வெறுங்கையோட எப்படி நிக்கிறது?"

"எடுத்ததுகூடப் போகட்டும்க்கா," என்றாள் தங்கை. "அந்த மனுஷன் செய்யாத தப்பைத் தலையில போட்டுக்கிட்டு நின்னாரே. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

அக்கா குப்பியில் ஒட்டியிருந்த தன் லேபிளை உரித்தெடுத்தாள்.

காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்தவர்கள். மாலையில் தங்கை சாவியை அக்காவின் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே கிளம்பினாள். அக்கா வெகுநேரம் அதைத் தொடவில்லை.