வேண்டாம், வயது முப்பத்தொன்று

செவ்வாய்க் கோளின் செங்குடியில் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கும் முன்பாக, காற்றுக்குழாயிடம் பெயரைச் சொல்லி அன்றைய மூச்சை வாங்கிக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு நொடியில் முடிகிற வேலை. அவள் "வேண்டாம்" என்பாள். "சரி" என்று குழாய் மூடிக்கொள்ளும். "ஐயோ, என் பேரே அதுதான்!" என்று மன்றாடி வாங்குவாள். நினைவு தெரிந்த நாளாக இதே கூத்து.

அவள் நாலாவது பெண். 'வேண்டாம்' என்று பெயர் வைத்தால் அடுத்தது ஆண் என்பது பூமியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த நம்பிக்கை. பாழாய்ப்போனது பலித்தும்விட்டது. அடுத்துப் பிறந்தவன் இராசரத்தினம்.

இப்போது செங்குடியில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. கடைசி விண்கலம் இன்று புறப்படுகிறது. பாதிப் பேருக்குத்தான் இடம். பாரபட்சம் கூடாதென்று முகம், நிறம், குலம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, பெயரை மட்டும் சாயல்மானியிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு பழைய பெயரைக் கேட்டதும் மனிதர் மனசில் என்ன எழும் என்று அளக்கும் இயந்திரம் அது. சண்முகவடிவு என்றால் மல்லிகையும் டிகாக்ஷன் மணமும், இடம் உண்டு. வீரபாகு என்றால் முறுக்கு மீசை. வந்த வீரபாகுவுக்கு மீசையே இல்லை, இருந்தும் இடம் கிடைத்தது.

"பெயர்?"

"வேண்டாம்."

"இடம் இல்லை. அடுத்தவர்."

அவள் சிரித்தேவிட்டாள். பழகிய கோளாறுதானே. "அது என் பேருங்க. இடம் வேண்டாம்னு சொல்லலை."

பின்னால் கைக்குழந்தையோடு நின்ற தம்பியும் குரல் கொடுத்தான். "எங்க அக்கா பேரே அதுதான். சரியாக் கேளு."

"சரியாகத்தான் கேட்டேன்," என்றது சாயல்மானி. "காற்றுக்குழாய்க்குப் பெயர் புரியாது. எனக்குப் புரியும். பெற்றவர்கள் அன்றே எடுத்த முடிவு. அதை மாற்ற நான் யார்?"

அவளுக்கு அம்மாமேல் கோபம் பொங்கியது. செத்துப்போனவளிடம் என்னவென்று சண்டை போடுவது?

"அடுத்தவர், இராசரத்தினம். பொக்கிஷச் சாயல். இடம் உண்டு. கையிலிருக்கும் குழந்தையின் பெயர்?"

இராசரத்தினத்துக்குப் பொய் சொல்ல வழியில்லை, பதிவேடு அதனிடம் இருந்தது. மூன்றாவதும் பெண்ணாகிவிட்ட எரிச்சலில் போன வாரம்தான் அவன் அந்தப் பெயரை வைத்தான். முறைப்படி அத்தையாகத் தன் மடியில் கிடத்தி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, குழந்தையின் காதில் மூன்று தடவை சொன்னவள் வேண்டாம்தான்.

"போதும்பொண்ணு, போதும்பொண்ணு, போதும்பொண்ணு."