மிஸ் பெர்த்தாவின் செக்

ஊர்த் திருவிழாப் போட்டியில் பரிசு வாங்கியது என்னவோ கோழிதான். அதற்காக செக்கையும் கோழி பெயரிலா எழுதுவார்கள்?

எழுதியிருந்தார்கள். "மிஸ் பெர்த்தா, நாற்பது டாலர்." கூண்டில் தொங்கிய அட்டையைப் பார்த்து யாரோ அப்படியே எழுதிவிட்டார்கள்.

கோழியை வளர்த்த சிறுமி ஓபல் சிரிக்கவில்லை. நேற்று ரக்கூன் என்ற திருட்டு விலங்கு ஒன்று கோழிக்கூட்டின் கம்பிவலையைக் கிழித்து ஒரு கோழியைக் கொண்டுபோய்விட்டது. இன்று இருட்டுவதற்குள் புது வலை அடிக்காவிட்டால் அடுத்தது பெர்த்தாதான். அதனால் செக்கோடு பெர்த்தாவையும் கூடையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

"கணக்கு இருக்கா கண்ணு?" என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண்.

"எங்க வீட்டுல யாருக்குமே இல்லீங்க."

"பரவாயில்ல, இது எங்க பேங்க் செக்தான். மிஸ் பெர்த்தாவோட போட்டோ போட்ட அடையாள அட்டை குடு, பணம் தரேன்."

ஓபல் கூடையைத் திறந்தாள். "கால்ல நம்பர் போட்ட வளையம் இருக்கு. போதுமா?"

கொக்கொக் என்றது பெர்த்தா.

"போதாதும்மா," என்றாள் அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அடுத்து ஹாட்லியின் தீவனக் கடை; கம்பிவலையும் அங்கேதான் கிடைக்கும். அம்மா தன் சம்பளச் செக்கை வாராவாரம் அங்கேதான் மாற்றுவாள். செக்குக்கு ஒரு டாலர் கமிஷன். சொந்தத் தம்பியே வந்தாலும் ஹாட்லி அதை விடமாட்டார்.

சனிக்கிழமை ஆனதால் கடை நிறையக் கூட்டம். ஹாட்லி செக்கைத் தூக்கிப் பிடித்தார். "ஏம்ப்பா, இங்க பாருங்க! கோழி பேருக்குச் செக் எழுதியிருக்கான் ஒருத்தன்! எந்த மடையன்டா அவன்?"

கடையே சிரித்தது. ஓபலுக்கு முகம் சூடானது. செக்கைத் திரும்ப வாங்கி, அப்போதுதான் கீழே இருந்த கையெழுத்தைப் படித்தாள். திருவிழாக் குழுவின் பொருளாளர்: வர்ஜில் ஹாட்லி.

அவள் ஓரமாக ஒதுங்கினாள். கூட்டம் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நகரும்வரை நின்றாள். பிறகு மெல்ல வந்து, கையெழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

ஹாட்லி கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"இதை அப்பவே ஏன் சத்தமா சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் சொன்னா உங்களுக்குச் சங்கடம். அப்புறம் வலை விலையும் ஏறிடும்."

ஹாட்லி மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடேயப்பா! முப்பது வருஷமா வியாபாரம் பண்றேன், எனக்கு இந்த நிதானம் வரலையே!"

மேசை டிராயரைத் திறந்து குழுவின் செக் புத்தகத்தை எடுத்தார். பழைய செக்கை ரத்து செய்து, ஓபல் பெயரில் புதிதாக எழுதினார். "பின்பக்கம் கையெழுத்துப் போட்டு என்கிட்டயே குடு. நான் என் கணக்குல போட்டுக்கறேன். வலை முப்பத்தெட்டு டாலர்."

"முப்பத்தஞ்சு."

"முப்பத்தாறு. உனக்காக."

"ஆணி?"

"சரி, இனாம். ஆனா கமிஷன் ஒரு டாலர். அது அது, இது இது!"

அப்போது கூடைக்குள் பெரிய ஆரவாரம். ஓபல் கைவிட்டுத் துழாவி, ஒரு முட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"செக் முதல்ல அவ பேர்லதானே இருந்துச்சு? கமிஷனையும் அவளே குடுத்துட்டா."

ஹாட்லி நாலு டாலரை முழுசாக எண்ணிக் கொடுத்தார். பிறகு முட்டையை இரு கையாலும் எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தார்.

"இவ்வளவு சூடா ஒரு கமிஷன் நான் வாங்கினதே இல்லம்மா!"