இடது பக்கம் தெரிந்த கோட்டை

பத்து நாளில் ஏழு தீவு, நாலு பழைய துறைமுகம் என்று விளம்பரம் செய்து ஆள் பிடித்த கப்பல் அது. ஏழு தீவிலும் ஒரே மாதிரிக் குடை, ஒரே மாதிரிச் சாய்வு நாற்காலி. இவ்வளவு தூரம் கடலைத் தாண்டி வந்தவர்கள் கப்பலுக்குள்ளிருந்த குளத்தில் குளித்தார்கள். கரை வந்தால் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களையே படம் எடுத்துக்கொண்டார்கள்.

ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் மகள் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் வந்திருந்தார். வேண்டாம் என்றால் மகள் முகம் வாடிவிடும். துணைக்கு மனைவியின் தம்பி. ஐம்பது வயசு ஆள், எதையும் நம்புகிற சுபாவம்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு இருவரும் மேல்தளத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடையது இடது பக்கத்துக் கீழறை. காலையில் கப்பல் துறையில் நின்றதிலிருந்து, அந்த அறையின் வட்டச் சன்னலை அடைத்துக்கொண்டு ஓர் எண்ணெய்ப் படகு நின்றது. நாற்றத்தில் உள்ளே இருக்க முடியவில்லை.

"இத்தனை பணம் வாங்கிட்டு மண்ணெண்ணெய் கடைக்குப் பின்னாடி ரூம் கொடுத்த மாதிரி இருக்கு அத்தான்" என்றார் மைத்துனர்.

அப்போது ஒரு துண்டுக் குவியல் அவர்களை நோக்கி நடந்து வந்தது. குவியலுக்குப் பின்னால் கப்பலின் சலவைக்காரர். வேலைக்காரர்கள் காரணமில்லாமல் மேல்தளத்துக்கு வரக் கூடாது. துண்டுதான் அவருக்கு அனுமதிச் சீட்டு.

"சார், நீங்க போலீஸ்ல இருந்தவங்கன்னு சொன்னாங்க. எங்க அண்ணன் பொண்ணு இங்க ரூம் சுத்தம் பண்ற வேலை பாக்குது. நெக்லஸைத் திருடிட்டான்னு பிடிச்சு வச்சிருக்காங்க. நாலு மணிக்கு இந்த ஊர் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க. அஞ்சு மணிக்குக் கப்பல் கிளம்பிடும்."

"எடுத்தாளா?"

"இல்ல சார்."

"சித்தப்பன் வேற என்ன சொல்வான்? சரி, அவ என்ன சொல்றா?"

"பத்து மணிக்கு உள்ள போனேன், படுக்கையை மாத்தினேன், துண்டை அன்னப்பறவையா மடிச்சு வச்சேன், ரூம்ல யாருமே இல்லங்குது. வேலைப் புத்தகத்துல திருடின்னு எழுதிட்டாங்க, இனி வேற எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க சார். அவ அப்பாவுக்கு மருந்துச் செலவே அவ சம்பளத்துலதான்."

"எந்த ரூம்?"

"உங்க ரூமுக்கு நேர் மேல, நாலு மாடி தள்ளி. பால்கனி ரூம்."

மைத்துனர் அதற்குள் எழுந்து செருப்பை மாட்டிவிட்டார்.

கேப்டனின் அறையில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைக் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள். சோபாவில் நெக்லஸுக்குரிய அம்மாளும் அவள் கணவரும். கணவர் கிளி பறக்கும் சில்க் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொய் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். உண்மை சொல்லவும் வேண்டும்.

"கதவைத் திறக்கிற அட்டைக்குப் பதிவு இருக்கு. வேலைக்காரங்கள்ல பத்து மணிக்கு இவ அட்டை மட்டும்தான் திறந்திருக்கு" என்றார் கேப்டன். "அதோட சார் கண்ணால பாத்திருக்கார்."

"ரூம்ல தங்கினவங்க அட்டை?"

"பயணிங்களை நாங்க சந்தேகப்படுறதில்ல."

"ரொம்ப மரியாதை. அவங்க பதிவையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க." இன்ஸ்பெக்டர் அம்மாளிடம் திரும்பினார். "நெக்லஸை எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"மேசை டிராயர்ல. எங்கம்மாவோட பச்சைக்கல் நெக்லஸ். கொக்கி தளர்ந்திருந்துச்சு. நாளைக்கு அடுத்த ஊர்ல பெரிய நகைக்கடை இருக்காம், கொடுத்து மாத்தலாம்னு நேத்து சாப்பிடறப்ப இவர்கிட்ட சொன்னேன். காலையில ஊர் சுத்திப் பாக்க நான் மட்டும் இறங்கிட்டேன்."

"நீங்க இறங்கலையா சார்?"

சில்க் சட்டை கால்மேல் கால் போட்டார். "வெயில்ல யார் அலையறது? ஒன்பதுலேருந்து பன்னிரண்டு வரைக்கும் பால்கனியிலதான் உக்காந்திருந்தேன். எதிர்ல கோட்டை. நானூறு வருஷத்துக் கோட்டை சார், மூணு கொத்தளம், உச்சியில மணிக்கூண்டு. அதையே பாத்துட்டிருந்தேன். பத்து மணிக்குத் திரும்பினா, கண்ணாடிக் கதவு வழியா இவ டிராயரைத் திறக்கறது தெரிஞ்சுது."

"கேட்கலையா?"

"அப்ப தப்பா தோணல."

"அவர் இல்லவே இல்ல சார்" என்றாள் அந்தப் பெண்.

"நீ பேசாத" என்றார் கேப்டன்.

மைத்துனர் இன்ஸ்பெக்டரின் காதோரம் குனிந்தார். "அத்தான், மணிக்கூண்டு வரைக்கும் சொல்றார். பாக்காம எப்படிச் சொல்ல முடியும்?"

"கேக்குறவன் கேனையனா இருந்தா எருமை மாடு ஏரோப்ளேன் ஓட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. பிறகு எழுந்தார். "எல்லாரும் அந்த ரூமுக்குப் போவோம். எனக்கும் கோட்டையைப் பாக்கணும்."

அறையில் திரைகள் மூடியிருந்தன. படுக்கை மேல் துண்டுப் பறவை கலையாமல் இருந்தது. சில்க் சட்டை கதவுப் பக்கமே நின்றுகொண்டார்.

"திரையை விலக்குங்கம்மா."

அம்மாள் விலக்கினாள். பால்கனிக்கு அப்பால் சாம்பல் நிறத் தண்ணீர். கீழே எண்ணெய்ப் படகின் துருப்பிடித்த முதுகு. கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை.

மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம ரூம் பக்கம்! காலையிலேருந்து இதைத்தானே பாத்தேன்!"

"கேப்டன், கோட்டை எந்தப் பக்கம்?"

கேப்டன் முகம் மாறியது. "வலது பக்கம். வழக்கமா இங்க கப்பலோட இடது பக்கம் கரையைப் பாக்கற மாதிரிதான் கட்டுவோம். இன்னிக்குக் காத்து பலமா இருந்ததால திருப்பிக் கட்டினோம்."

"கட்டின பிறகு நகந்துதா?"

"இல்ல."

"திருப்பினது நீங்க. ஆனா சில்க் சட்டை போட்டவர் இடது பக்கம் கோட்டை பாத்தேன்னு சொன்னதும், திருப்பினது உங்களுக்கே மறந்து போச்சு. இந்தப் பொண்ணு சொல்லியிருந்தா ஞாபகம் வந்திருக்கும்."

மேசைமேல் கிடந்த நிகழ்ச்சித் தாளை எடுத்து இன்ஸ்பெக்டர் படித்தார். தினமும் முந்தின நாளே அச்சடித்து அறைக்கு அறை போடுகிற தாள். "'இடது பக்கப் பால்கனிகளிலிருந்து நானூறு ஆண்டுப் பழமையான கோட்டையைக் காணலாம். மூன்று கொத்தளங்கள், உச்சியில் மணிக்கூண்டு.' இவருக்குக் கோட்டை கிடைச்ச இடம் இதுதான். உலகத்தைச் சுத்த வந்திருக்கார், சன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பாக்கல."

"நான் வேற ஏதோ கட்டடத்தை..." என்றார் சில்க் சட்டை.

"தண்ணிக்குள்ளயா?"

அதற்குள் ஊழியர் ஒருவர் கதவுப் பதிவைக் கொண்டுவந்தார். தங்கியவர்கள் அட்டை பதினொன்று நாற்பதுக்குக் கதவைத் திறந்திருந்தது. அம்மாள் கப்பலுக்குத் திரும்பியதோ பன்னிரண்டரைக்கு.

"வெளிய இருந்தவர்தான் அட்டை போட்டு உள்ள வரணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "பொண்ணு சொன்னது நிஜம். பத்து மணிக்கு இங்க யாரும் இல்ல. அப்ப எதுக்கு இந்தச் சாட்சி? நெக்லஸ் தொலையணும், தொலைச்சது வேற ஆளா இருக்கணும். நாளைக்கு நகைக்கடைக்காரன் கையில எடுத்தா கல்லைப் பத்தி ஏதாவது சொல்லிடுவான். அதுக்கு முன்னாடி தொலையணும்."

"கடல்ல போட்டிருப்பாரா அத்தான்?"

"போட பால்கனிக்கு வந்திருந்தா படகைப் பாத்திருப்பார். கோட்டைக் கதை சொல்லியிருக்க மாட்டார். கப்பல் கிளம்பட்டும், அப்புறம் போடலாம்னு இருக்கார். கேப்டன், இந்தப் பொண்ணோட படுக்கையைத் தேடினீங்க. இந்த ரூமை?"

அம்மாள் யாரையும் கேட்காமல் குளியலறைக்குள் போனாள். "எதை மறைச்சாலும் ஷேவிங் பையிலதான் வைப்பார். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரே இடம்" என்றபடி வெளியே வந்தாள். கையில் பச்சைக்கல் நெக்லஸ்.

"அசல் எங்க?" என்று கணவரைக் கேட்டாள்.

அவர் கம்பளத்தைப் பார்த்தார். "வித்துட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

"பொய்யை என் கழுத்துல மாட்டிவிட்டு, பழியை இந்தப் பொண்ணு தலையில போட்டியா? மனுஷனா நீ?"

நெக்லஸை அவர் காலடியில் எறிந்துவிட்டு அவள் வெளியே நடந்தாள். சில்க் சட்டை குனிந்து அதைப் பொறுக்கினார். போலி என்று தெரிந்தும் பொறுக்கினார்.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நீ வேலைக்குப் போ. ரெண்டு ரூம் பாக்கி இருக்கு."

பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்த சலவைக்காரர் அவளைப் பார்த்து, வா என்று ஜாடை காட்டினார். அவள் அசையவில்லை.

"என் வேலைப் புத்தகத்துல எழுதினதை அடிங்க சார். நான் எடுக்கலன்னு அதுக்குக் கீழ எழுதுங்க."

"அதான் எல்லார் முன்னாடியும் தெரிஞ்சு போச்சே."

"திருடின்னு எழுத்துல சொன்னீங்க. இல்லன்னு வாயால சொன்னா எப்படி சார்?"

கேப்டன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வேறு வழியில்லாமல் கேப்டன் ஆள் அனுப்பிப் புத்தகத்தை வரவழைத்து, அதே மேசையில் விரித்து, அடித்து, எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

அவள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு புத்தகத்தை அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

"தேதி போடுங்க சார். முத்திரையும் வைங்க."